பண்ருட்டி எழிலனின் சந்தேகங்கள்

ஆனி மாத வெயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு போர்வைகளைத் தலையோடு போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார் சடையப்பன். போர்வைக்குள்ளே ஒரு கைப்பேசியும் ஒரு டார்ச் லைட்டும் அவருடைய மூக்குக் கண்ணாடியும் இருந்தன. அவருக்கு வயது ஐம்பத்தாறு. இருபத்துநான்கு வயதுப் பையனின் குரலில் பேச முயன்றுகொண்டிருந்தார்.

“வணக்கம் நண்பர்களே. நான் உங்க செல்வா” என்றார்.

குரல் தடித்து வந்தது. செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மூன்றாவது தடவை, மீன்காரம்மா சரியாக அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று நெத்திலி என்று கூவினாள். நான்காவது தடவை எல்லாமே கச்சிதமாக அமைந்தது. பதிவுப் பொத்தானை அழுத்தவில்லை என்பது பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு சொல். மூன்று வாரத்துக்கு முன்னால் அவரே தன் விரலால் தட்டி அனுப்பிய ‘விரைவில்’ என்கிற சொல்.

சடையப்பன் கடலூரில் நில அளவைப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன். மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. மனைவி புஷ்பவள்ளி அங்கன்வாடி ஆசிரியை. ஒரே பிள்ளை செந்தமிழ்செல்வன். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, யூடியூபில் ‘கையில கேமரா’ என்று ஒரு சேனல் நடத்தினான். இருக்கிற போனை வைத்துக்கொண்டே நல்லபடியாக வீடியோ எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு யோசனை சொல்லும் சேனல். ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.

போன ஐப்பசியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தைப் படம்பிடித்துவிட்டு மழையில் திரும்பி வரும்போது, ஆலப்பாக்கத்துக்கு முன்னால் அவன் பைக் சறுக்கியது. பைக்குக்கு அதிகம் சேதமில்லை. போனுக்கு ஓரத்தில் ஒரு கீறல் மட்டும்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே புஷ்பவள்ளி வேலைக்குப் போய்விட்டாள். அங்கே இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தன. சடையப்பனுக்கு அப்படி யாரும் இல்லை. மருத்துவ விடுப்பு எடுத்தார். அது முடிந்ததும் இன்னொரு விண்ணப்பம் அனுப்பினார். வாசல் கேட்டைத் தாண்டவில்லை. தாடி வளர்ந்தது. நகம் வளர்ந்தது. மகனைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தார். அவளும் பேசவில்லை. தினமும் அவர் தவறாமல் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான், மகனுடைய போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது.

அந்தப் போனில்தான் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. கடைசி வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். பெயர் எழிலன் பண்ருட்டி. படத்துக்குப் பதில் ஒரு பலாப்பழம்.

‘தம்பி, எட்டு மாசமா ஒண்ணையும் காணோமே. அடுத்த வீடியோ எப்போ?’

சடையப்பன் அரை மணி நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தார். ‘செல்வா’ என்று எழுதினார். அடுத்த சொல்லை எழுத முடியவில்லை. அழித்தார். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தார். கடைசியில், கூப்பிட்டவரைப் பதில் சொல்லாமல் நிறுத்திவைப்பது மரியாதை இல்லை என்று ‘விரைவில்’ என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த நொடியே பதில் வந்தது. ‘ரொம்ப சந்தோஷம் தம்பி. காத்துக்கிட்டு இருக்கேன்.’

அந்த எழிலன் முந்திரி வியாபாரியாம். பெண் வெளியூரில் படிக்கிறாளாம். அவளுக்குக் கடையையும் தோப்பையும் வீடியோ எடுத்து அனுப்ப ஆசையாம். லாரிச் சத்தம் ஜாஸ்தியாக இருப்பதால் பேசுவது கேட்பதில்லையாம். இதையெல்லாம் அவரே எழுதினார். முந்திரி மூட்டைகளுக்கு நடுவே கெட்டி மீசையோடு ஒரு மனிதர் போனைப் பார்த்துக் காத்துக்கொண்டிருப்பது சடையப்பனுக்குக் கண்ணில் தெரிந்தது.

வேறு வழியில்லை. மகனுடைய முப்பத்தொரு வீடியோக்களையும் வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தார். அவன் இருந்தபோது ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ‘இதெல்லாம் ஒரு பொழப்பா’ என்று கேட்டதோடு சரி.

இப்போது நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தார். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடை. போனைப் படுக்கைவசமாகப் பிடி. ஜூம் பண்ணாதே, நீயே கிட்டே போ. ஜன்னலுக்கு முதுகு காட்டி ஆளை உட்கார வைக்காதே. படம் கொஞ்சம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் சரியில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். போன் வாயிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கட்டும் என்று மகன் சொன்ன இடத்தில் நிறுத்தி, டேப் எடுத்துத் தன் கையை அளந்து, ‘அறுபத்திரண்டு செ.மீ.’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது வீடியோவில் சடையப்பனே வந்தார். மகன் விளக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கை குறுக்கே வந்து சுவிட்சை அணைத்தது. “பகல்ல எதுக்குடா லைட்டு” என்றது அவர் குரல். இருட்டில் மகன் சிரித்தான். “எதிர்பாராத தடங்கல் வரும் நண்பர்களே, அதுக்கும் ரெடியா இருக்கணும்” என்றான். எட்டு விநாடி. சடையப்பன் அந்த எட்டு விநாடியை மட்டும் எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே தெரியாது.

கடைசி வீடியோவின் முடிவில், ‘அடுத்து வீட்டுக்குள்ள சத்தத்தை எப்படிச் சுத்தமா எடுக்கறதுன்னு பாப்போம்’ என்று சொல்லியிருந்தான். அதனால்தான் இந்தப் போர்வைக் கூடாரம்.

ஐந்தாவது தடவை ஆரம்பிக்கும்போது போர்வை விலகியது. புஷ்பவள்ளி நின்றிருந்தாள்.

ஆபீஸில் பயிற்சி வீடியோ ஒன்று கேட்டிருக்கிறார்கள் என்றார் சடையப்பன். சங்கிலி வைத்து நிலம் அளப்பது பற்றி. எட்டு மாதமாக விடுப்பில் இருக்கிறவரிடம் ஆபீஸ் ஏன் கேட்கிறது என்று அவள் கேட்கவில்லை.

“போர்வைக்குள்ளயா அளக்கறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“எதிரொலி வராம இருக்க.”

அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் வீடே திடீரென்று அமைதியானது. ஃபிரிட்ஜை நிறுத்தியிருந்தாள். “அதுவும் உர்ருன்னு கத்துதில்ல” என்றாள். பதிவு அருமையாக அமைந்தது. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். ஒரு கிலோ வஞ்சிரம் மறுநாள் தெருப் பூனைகளுக்குப் போனது.

கைகள் மட்டும் தெரியும்படி எடுத்து, குரலைச் சேர்த்து வெளியிட்டார். பதினான்கு பேர் எழுதினார்கள். பாதிப் பேர் குரல் ஏன் மாறிவிட்டது என்று கேட்டிருந்தார்கள். சளி என்று பதில் போட்டார். எழிலன் மட்டும் குரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

‘விளக்கம் நல்லா புரிஞ்சுது தம்பி. நகம் மட்டும் நீளமா இருக்கு. கேமராவுல எல்லாம் பெருசா தெரியுமில்ல?’

சடையப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புஷ்பவள்ளி மூன்று மாதமாகச் சொல்லியும் வெட்டாத நகத்தை ஐந்து நிமிடத்தில் வெட்டினார். வெளியாள் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த சந்தேகம் இரண்டே நாளில் வந்தது. முகத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று ஒரு ஆளை உட்காரவைத்துக் காட்ட வேண்டுமாம்.

எந்த முகத்தைக் காட்டுவது? ஒரு நாள் முழுக்க யோசித்துச் சடையப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவுக்குப் பின்னால் இருப்பது செல்வா. முன்னால் உட்கார்ந்திருப்பது செல்வாவின் அப்பா. அப்பா வாய் திறக்க வேண்டியதில்லை, குரலைப் பிறகு போர்வைக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்காகச் சலூனுக்குப் போனார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டைத் தாண்டினார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுபக்கத்து நிழலைப் போக்க வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதுவும் பயிற்சி வீடியோதான் என்று புஷ்பவள்ளியிடம் சொன்னார். அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு, மழித்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்றாள். அவள் சொன்ன பக்கம்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது.

அன்று மத்தியானம் போர்வைக்குள் உட்கார்ந்து, “இவர்தான் எங்க அப்பா. நம்ம வேலைக்கு எப்பவும் ஒத்தாசையா இருப்பாரு” என்று மகன் குரலில் சொன்னார். சொல்லிவிட்டு ரெக்கார்டிங்கை நிறுத்தினார். மீதியை மறுநாள்தான் முடித்தார்.

விளைவு மோசமாகப் போயிற்று. எல்லாருக்கும் அப்பாவைப் பிடித்துவிட்டது. அப்பாவை வைத்து ஒரு குறும்படம் எடுங்கள் என்றார்கள். காற்றடிக்கிற இடத்தில் அப்பா நடந்துகொண்டே பேசினால் எப்படிப் பதிவு செய்வது என்று எழிலன் கேட்டார். அதற்காகச் சில்வர் பீச்சுக்குப் போனார். காற்றுச் சத்தத்தைத் தடுக்க, மகனுடைய கம்பளிச் சாக்ஸைப் போனுக்கு மாட்டி, அதனிடம் பேசிக்கொண்டே மணலில் இப்படியும் அப்படியும் நடந்தார்.

அதை அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. எழுந்து நடமாட முடியாத நிலையில் விடுப்பில் இருக்கும் பணியாளர் கடற்கரையில் காலுறையோடு பேசிக்கொண்டிருந்ததாகத் தெரியவருவதால், உடனே பணியில் சேர வேண்டும், அல்லது மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும். சடையப்பன் பணியில் சேர்ந்தார். தன் மேசையில் யாரோ வைத்திருந்த சாப்பாட்டுக் கூடையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து மேசைக்காரர் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார்.

எழிலன் விடுவதாக இல்லை. படகில் போகும்போது படம் ஆடாமல் எப்படி எடுப்பது? பிச்சாவரத்தில் எடுத்துக் காட்ட முடியுமா?

பிச்சாவரம் என்றால் ஆலப்பாக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சடையப்பன் ஒரு வாரம் பதில் போடவில்லை. பிறகு, முடியாது என்று எழுதினால் ஏன் என்று கேட்பாரே என்று தோன்றியது. ஆபீஸிலிருந்து அளவைக் கருவி வைக்கும் முக்காலியை இரவல் வாங்கினார். இரண்டு கேமரா வைத்துக்கொள், ஒன்று சொதப்பினால் இன்னொன்று காப்பாற்றும் என்று மகன் பதினேழாவது வீடியோவில் சொல்லியிருந்தான். இரண்டாவது கேமராவுக்குப் புஷ்பவள்ளியின் போன். அதைப் பிடிக்கப் புஷ்பவள்ளி. சதுப்புக் காட்டை அளக்கப் போகிறார்களாம் என்று அவளிடம் சொன்னார். அவள் லீவு போட்டுவிட்டுப் புளிசாதம் கட்டினாள்.

பஸ் ஆலப்பாக்கத்தை நெருங்கியபோது அவர் இடப்பக்கம் பார்த்தார். அவள் வலப்பக்க ஜன்னலைப் பார்த்தாள். அந்த இடம் வந்தபோது அவள் கை அவர் முழங்கையைப் பிடித்தது. தாண்டியதும் விட்டது.

படகுக்காரர் செம்பியன் முக்காலியைப் பார்த்ததும், அது எதற்கு என்று கேட்டார். ஆடாமல் எடுக்க என்றார் சடையப்பன். படகே ஆடும்போது அதன் மேல் நிற்கிறதும் ஆடுமே என்றார் செம்பியன். சடையப்பன் அதை யோசித்திருக்கவில்லை. சுரபுன்னை மரங்களுக்கு நடுவே குறுகலான கால்வாயில் முக்காலி வேரில் மாட்டிப் படகு ஒரு சுற்றுச் சுற்றியது. கடைசியில் மடக்கி வைத்துவிட்டு, மகன் சொல்லியிருந்தபடி முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கையாலேயே எடுத்தார். படம் ஆடாமல் வந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டார். போனைத் தன் பக்கம் திருப்பி, “வணக்கம் நண்பர்களே, நான் உங்க செல்வா” என்றார்.

எதிரில் இரண்டாவது கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளியின் கையிலிருந்து போன் தண்ணீரில் விழுந்தது.

தண்ணீர் இடுப்பளவுதான். செம்பியன் இறங்கிச் சேற்றில் துழாவி எடுத்துக் கொடுத்தார். போன் செத்திருந்தது. “படகு ஆடிடுச்சு” என்றாள் புஷ்பவள்ளி. “ஆமா, ஆடிடுச்சு” என்றார் சடையப்பன். துடுப்புச் சத்தத்தில் தான் சொன்னது அவள் காதில் விழவில்லை என்று நம்பினார். அவள் முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டே வந்தாள். போன் உலர்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடலூர் திரும்பியதும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேகா நடத்தும் கடையில் போனைக் கொடுத்தார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றாள் ரேகா.

மறுநாள் மகனுடைய எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவள் கனிமொழி. சிதம்பரத்தில் போனில் குறும்படம் எடுக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். வரும் ஞாயிற்றுக்கிழமை கீழ வீதியில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடுகிறார்களாம். செல்வா அண்ணா வந்து அரை மணி நேரம் பேச வேண்டும்.

சளிக் குரலில் முடியாது என்றார் சடையப்பன். பரவாயில்லை அண்ணா, நாங்க நாப்பது பேரும் உங்க வீட்டுக்கே வந்துடறோம் என்றாள் அவள். நாற்பது பேர், நாற்பது போன், வாசலில் புஷ்பவள்ளி. சடையப்பன் அவசரமாக ஒப்புக்கொண்டார்.

தனியாகப் போனார். செல்வாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் அப்பா வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நோட்டில் இருப்பதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடுவதாகத் திட்டம். மண்டபத்தில் நுழைந்ததுமே எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அவர்கள் வீடியோவில் பார்த்த அப்பா.

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார். லென்ஸைத் துடைப்பதில் ஆரம்பித்தார். ஒரு கை தூரம் என்றால் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் என்றார். சிரித்தார்கள். எடுத்து முடித்ததும் உடனே நிறுத்தாதீர்கள், ஐந்து விநாடி சும்மா ஓடவிடுங்கள், பிறகு வெட்டுவதற்கு வசதி என்றார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கி, செல்வா அண்ணாவுக்கு இதையெல்லாம் நீங்கதான் கத்துக் கொடுத்தீங்களா என்று கேட்டாள்.

சடையப்பன் நோட்டை மூடினார்.

“இல்லம்மா. அவன்கிட்டேருந்துதான் நான் கத்துக்கிட்டேன். இருந்தப்ப கத்துக்கல. அவன் போய் ஒம்பது மாசம் முடிஞ்சிடுச்சு. போர்வைக்குள்ள பேசினது நான்தான்.”

நாற்பது பேர் கையிலும் போன் இருந்தது. ஒருவர்கூட அவரைப் படம் எடுக்கவில்லை. கனிமொழி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ, செல்வா அண்ணாவோட வீடியோவையெல்லாம் அழிச்சுடாதீங்கப்பா என்றார்கள். அவர் தலையாட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு ஒரே ஒருவரைப் பற்றித்தான் கவலை. இவர்களுக்கெல்லாம் நேரில் சொல்லியாயிற்று. அந்த எழிலனுக்கு? ஆலப்பாக்கம் தாண்டும்போது தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

‘ஐயா, நான் செல்வா இல்லை. அவனுடைய அப்பா. அவன் போன ஐப்பசியில் இறந்துவிட்டான். நீங்கள் கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. உங்களை ஏமாற்றிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளால்தான் நான் அவன் பேசியதை முழுசாகக் கேட்டேன்.’

பதில் வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீஸில் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘டிங்’ கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். பலாப்பழத்தைக் காணோம். எத்தனை நம்பியிருந்தால் அந்த மனிதர் இத்தனை கோபப்பட்டிருப்பார் என்று சடையப்பனுக்குத் தோன்றியது. வியாழக்கிழமை சோறு இறங்கவில்லை. முகம் மழிக்கவில்லை. புஷ்பவள்ளியிடமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்படி வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஏமாந்த மனிதர் ஒருவர் மன்னிக்கட்டும், பிறகு வீட்டில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். புஷ்பவள்ளிக்கு வேறு கவலை. போன் ரெடியாகிவிட்டதா என்று தினமும் கேட்டாள். போறேன் போறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போய்விட்டார். நேரில் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு.

முந்திரி மண்டி மண்டியாக ஏறி இறங்கினார். கெட்டி மீசை, பெண் வெளியூரில் படிக்கிறாள், வீடியோ எடுக்கிற ஆசை உண்டு என்று அடையாளம் சொன்னார். மத்தியானத்துக்குள் மூன்று எழிலன்கள் கிடைத்தார்கள். ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தார், மீசையே இல்லை. இன்னொருவர் ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் சாலையோரம் பலாப்பழம் விற்றார். வயது எழுபது இருக்கும், கையில் பட்டன் போன். சடையப்பன் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னார். மகனைப் பற்றி, போர்வையைப் பற்றி, படகைப் பற்றி. பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, நான் அந்த எழிலன் இல்லப்பா, ஆனா நான் மன்னிச்சேன்னு வெச்சுக்க என்றார். சடையப்பன் பன்னிரண்டு கிலோ பலாப்பழம் ஒன்று வாங்கிக்கொண்டு, அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கடலூர் வந்து சேர்ந்தார்.

புஷ்பவள்ளி பழத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எங்க போயிருந்தீங்க?”

“பண்ருட்டி. ஒரு ஆளைப் பாக்கணும்னு போனேன். கிடைக்கல.”

அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பேப்பர் விரித்து, பழத்தைப் பிளந்தாள். சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். தலை நிமிராமலேயே, தேடி அலைய வேண்டாம், பேசணும்னு இருக்கறவங்க அவுங்களே பேசுவாங்க என்றாள். அவர் முன்னால் தட்டை நகர்த்தினாள். சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் ரேகா கடைக்கு ஒரு நடை போய்விட்டு வரச் சொன்னாள்.

சடையப்பன் நான்கு சுளை சாப்பிட்டார். ஒரு வாரத்தில் அன்றுதான் வாய்க்கு ருசி தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார்.

கடையில் கூட்டமில்லை. ரேகா அவரைப் பார்த்ததும் ஒரு புதுப் போனையும் உறையில் போட்ட பழைய போனையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். தண்ணியில விழுந்தது தேறல சார், நாலு நாளா உலர்த்திப் பார்த்து உள்ள இருந்ததையெல்லாம் இதுக்கு மாத்திட்டேன் என்றாள். போட்டோ எல்லாம் வந்துவிட்டது, மகன் போட்டோவும் இருக்கிறது என்றாள். சடையப்பன் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டதல்லவா, எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணுதான் சார் பாக்கி” என்றாள் ரேகா. “அம்மா இதுல ரெண்டு அக்கவுண்டு வெச்சிருக்காங்க. புஷ்பவள்ளின்னு இருக்கறது வந்துடுச்சு. எழிலன் பண்ருட்டின்னு இருக்கறதுக்குத்தான் பாஸ்வேர்டு கேக்குது, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”